ஃப்ரிட்ஜுக்கு விட்ட லீவு

ஆயுத பூஜை, விஜயதசமி, அதையொட்டி ஞாயிறு. லீவு முடிந்து நர்சரியைத் திறந்தபோது விதை ரூமில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தமே இல்லை. கதவில் சந்தனம், குங்குமம். பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுருட்டி மேலே வைத்திருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே இருந்தது எக்கினேசியா விதை. ஒருமுறை நட்டால் வருடா வருடம் பூக்கும் செடி. கொடைக்கானலில் ஒரு தோட்டத்துக்கு நாற்றாகத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். பனி கொட்டும் ஊர்ச் செடி அது. ஒரு குளிரைக் கடந்தால்தான் விதை ஒழுங்காக முளைக்கும். எங்கள் பாடாலூர் வெயிலில் குளிருக்கு எங்கே போவது? ஈரக் கோகோபீட்டில், அதாவது தென்னை நார்த்தூளில் கலந்து, ஜிப் கவரில் போட்டு, வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைப்போம். இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்தது.

முதலாளி வந்து கவரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது.

"யாரு பிளக்கப் புடுங்குனது?"

தனலட்சுமி முன்னால் வந்தாள். ரூமைக் கூட்டித் துடைக்க அப்போதுதான் சேர்ந்திருந்தவள். "நான்தான் சார். மோட்டாரு, ஸ்பிரேயரு எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தோம்ல? இதையும் தொடச்சு, பொட்டு வச்சு நிறுத்திட்டேன்."

"இந்த வருஷம் இந்த வெதை மறுபடி கெடைக்காது. இது மொளைக்கலன்னா நீ வேலைக்கு வர வேணாம்."

புருஷன் இல்லாதவள். இரண்டு பிள்ளைகள் அவள் சம்பளத்தில்தான் படிக்கின்றன. அவள் முகம் செத்துப்போனது.

என் வாய் சும்மா இருக்காது. "அவகிட்ட என்ன சார் சொன்னீங்க? கதவத் தொறக்காதன்னுதானே? அவ தொறக்கவே இல்லையே."

"வேலையப் பாருங்கக்கா. எல்லாத்தையும் இப்பவே ட்ரேல போட்டுடுங்க."

விதை ரூம் என் பொறுப்பு; நான் ஒப்பவில்லை. பூஞ்சை பிடித்த கவர்களைக் கழித்தேன். மிச்சத்தில் பாதியை விதைத்தேன். பாதியைத் திரும்பக் குளிரில் வைத்தேன். எது பிழைக்கும் என்று எனக்கும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது.

தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து தனலட்சுமி ட்ரே பக்கம் குனிந்து நிற்பாள்.

"ஏதாச்சும் தெரியுதாக்கா?"

"கிளறிடாதடி."

முதலாளி வருவார், பார்ப்பார், போவார்.

ஒரு காலையில் அங்கங்கே பச்சை தெரிந்தது. அடுத்தடுத்த நாளில் வரிசை கட்டியது. முழுசாக இல்லை, ஆனால் ஆர்டருக்குப் போதும். ஃப்ரிட்ஜில் வைத்த பாதியும் பிற்பாடு கைவிடவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி, நாளைக்கும் வந்துடு."

"வரேன் சார். அந்த வெதைக்குக் குளிரு எதுக்குன்னு இப்பவாச்சும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பூவாளியை எடுத்துக்கொண்டு ட்ரே பக்கம் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே சொன்னார்.

புதிதாக வருகிறவர்களிடம் எதைச் செய்யக் கூடாது என்பதோடு, ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது.