மகளின் ஆட்டமும் என் உயரமும்

பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குவது என் வேலை. மற்றவர்கள் குனிய வேண்டிய இடத்தில் நான் நிமிர்ந்து நிற்பேன். அதனால்தான் அந்த வேலை கிடைத்தது. குட்டையாக இருப்பதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

மகள் ஒன்பதாவது படித்தாள். கூடைப்பந்து ஆடுவாள். சென்னை விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க ஒரு கோச் வருகிறார் என்று பி.டி. வாத்தியார் சொன்னார். அங்கே சேர்ந்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே. பிறகு பெரிய டீமில் சம்பளத்துக்கே ஆடலாமாம். மகள் அன்று முதல் வேறு பேச்சே பேசவில்லை.

நல்ல காரியம் என்றால் எங்களில் தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டும். திட்டக்குடியில் இருக்கும் மச்சானுக்கு போன் போட்டேன். மினி பஸ் கண்டக்டர். கழுத்தை மடக்கித்தான் பஸ்ஸுக்குள் நடப்பார். அவ்வளவு உயரம். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வெள்ளை வேட்டி கட்டி வந்தார்.

பள்ளிக்கூட மைதானத்தில் கோச் மகளை ஆட விட்டுப் பார்த்தார். கையை விரிக்கச் சொல்லி அளந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, "அப்பா அம்மா வந்திருக்காங்களா?" என்றார்.

மச்சான் முன்னால் போனார். நானும் மனைவியும் அவருக்குப் பின்னால் நின்றோம்.

கோச் முகம் மலர்ந்தது. "நீங்க எவ்ளோ உயரம்?"

"ஆறடிக்கு ஒரு இஞ்சு கம்மி சார். எங்க குடும்ப வாகு."

"அப்ப பொண்ணு இன்னும் நாலு இஞ்சு தாராளமா போடும்."

எனக்கு விஷயம் அப்போதும் புரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. மகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சார், இவரு மாமா. பின்னாடி நிக்கறாரே, அவருதான் எங்கப்பா."

கோச் மச்சானின் தோளுக்கு மேலே தேடினார். பிறகு கீழே பார்த்தார். நான் இருந்தேன். என் பக்கத்தில் என்னைவிடக் குட்டையாக அவள் அம்மா.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மச்சான் விடவில்லை.

"தாய்மாமன் வாகும் வரும் சார்."

"வரலாம்ங்க. வராமயும் போவலாம். நான் ரெண்டு பேரத்தான் எடுக்க முடியும்."

நான் கேட்டேன். "பந்து நல்லா போடுதுங்களா சார்?"

"அதுல ஒரு குறையும் இல்லங்க. கை நல்ல வேகம். ஆனா மேல போவப் போவ எதிர்ல நிக்கறவங்க எல்லாம் ஆறடி. இந்த உயரத்துக்கு அங்க கஷ்டம்."

"முட்டை, பால் எல்லாம் குடுக்கறோம் சார்."

"குடுங்க. ஒடம்புக்கு நல்லதுதான்."

மகள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். மனைவி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்குண்ணே முன்னாடி போயி நின்ன?"

"கூப்புட்டது உன் புருஷன். காதுகுத்துக்கும் முன்னாடிதான் நின்னேன். எவனாவது ஒசரம் கேட்டானா?"

யார் முன்னால் நின்றிருந்தாலும் நான் இந்த உயரம்தான்.

மச்சான் பஸ் ஏறிப் போனார். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போதே என் காது வரை இருந்தாள்.

"அப்பா, உங்கப்பா ஒசரமா?"

என் அப்பா இறந்துபோனபோது நான் அவர் தோளில் உட்காரும் வயது. ஒரு போட்டோகூட இல்லை. கேட்டுச் சொல்லவும் எங்கள் பக்கம் யாரும் இல்லை. அந்த வயதில் எனக்கு எல்லோருமே உயரம்.

"ஒசரந்தாம்மா" என்றேன்.

"எவ்ளோ?"

அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது காட்டியாக வேண்டும். கையைத் தூக்கினேன். எட்டிய மட்டும் தூக்கினேன்.