சுவரில் விழுந்த ஓட்டை

பிள்ளைகளா, சத்தம் போடாதீர்கள் என்று உங்களை அதட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சுவர் ஓட்டை ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு எட்டு வயது. சிவகாசிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. தீபாவளி சீசனில் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் அந்த அறையில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவார்கள். காற்று வந்தால் லேபிள் பறந்துவிடும். அதனால் மின்விசிறி ஓடாது. கதவும் சன்னலும் சாத்தியே இருக்கும். மத்தியானம் ஆனால் அம்மா நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள்.

"இவன் போடுத சத்தத்துல மண்டை இடிக்கு" என்பாள்.

காலாண்டு விடுமுறை. நாள் முழுக்க வீட்டில் கத்திக்கொண்டிருந்தவன் நான்தான். என்னால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, ஒரு காலையில் இனி வாயே திறப்பதில்லை என்று முடிவுசெய்தேன்.

அன்றுதான் அம்மாவின் தம்பியான மாமா டி.வி.க்குக் கேபிள் வயர் இழுக்க வந்தார். கூரையை ஒட்டிக் கடப்பாறையால் ஒரு குத்து. இரண்டு செங்கல் வெளியே விழுந்தன.

"ஏலே தம்பி, வயரு போக ஓட்டை கேட்டா பூனை போக ஓட்டை போட்டுருக்கே."

"விடுக்கா, பூனையும் படம் பாத்துட்டுப் போகட்டும். நாளைக்குப் பூசிருதேன்."

மாமாவின் நாளை அந்த சீசன் முடியும்வரை வரவில்லை. ஓட்டை உயரத்தில் இருந்ததால் லேபிள் ஒன்றுகூட அசையவில்லை. அன்று அம்மாவுக்குத் தலைவலியும் வரவில்லை.

டி.வி. பார்த்த சந்தோஷம் என்றார்கள் பெண்கள். தான் நேர்ந்துகொண்டது பலித்தது என்றாள் அத்தை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் மழைக்கு அந்த ஓட்டையில் சாக்கை அடைத்தார்கள். தலைவலி திரும்பிவிட்டது. அன்று காலையில் நான் ஒரு தட்டைக் கீழே போட்டிருந்தேன். அழுதேன். மறுநாள் வெயில் வந்து சாக்கை எடுத்தார்கள். நானும் வாயை இன்னும் இறுக்கினேன். வலி போய்விட்டது.

ஆறு பேர் விட்ட மூச்சும் பசை வாடையும் வெளியேற வழியில்லாமல் அறைக்குள் சுற்றியதை அப்போது யார் நினைத்தோம்?

"ஏலே, உனக்கு என்ன ஆச்சு? எம்புட்டு நாளாச்சு உன் சத்தத்தக் கேட்டு" என்று அம்மா என் தலையைத் தடவினாள். அவளைக் குணமாக்கியது யார் என்று அவளுக்குத் தெரியவில்லையே என்று, உதட்டை மூடியபடியே சிரித்துக்கொண்டேன்.

தலைக்கு மேலே அந்த ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.