சந்தனக் கவுண்டரின் மூன்றாவது கிரீடம்

எழுபதுகளின் கடைசியில், சனிக்கிழமை சாயங்காலம் திருப்பத்தூரிலிருந்து காவலூர் பக்கம் ஏறும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கோபால்சாமி ஏறிவிட்டார் என்பது தெரிந்துவிடும். கருவாடு, பீடி, கோழிக்கூடை என்று பஸ்ஸில் என்ன நாற்றம் இருந்தாலும் அத்தனையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சந்தனம் முன்னால் வந்து நிற்கும். நின்றுகொண்டே வருகிறவர்கள்கூட அவர் பக்கத்தில் நிற்கத்தான் இடம் பார்த்தார்கள். இப்போது அந்தச் சாலையில் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் அந்த பஸ்ஸில் வந்தவர்களுக்கு அந்த பஸ்தான் இன்னும் வேண்டியிருக்கிறது.

கோபால்சாமி மலைக்காரர். காவலூரிலிருந்து ஒரு மைல் மேலே நடந்தால் வருகிற பத்திருபது வீடுகளில் ஒன்று அவருடையது. கொஞ்சம் சாமைக் கொல்லையும் நாலு புளியமரமும் உண்டு. இருபத்திரண்டு வயதில் திருப்பத்தூரில் ஒரு சந்தனக் கிடங்கில் கட்டை செதுக்கப் போனார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவார், சனிக்கிழமை ஏறுவார். இருபத்தோரு வருஷம் இதேதான். கொல்லையையும் ஆடுகளையும் மனைவி அம்சவல்லி பார்த்துக்கொண்டாள்.

கிடங்கில் அவருடைய வேலை சொல்வதற்குச் சுலபம். வெட்டி வந்த கட்டைக்கு மேலே வாசனையில்லாத வெள்ளை மரம் இருக்கும். அதை வாச்சியால் சீவி எடுத்தால் உள்ளே பழுப்பாக வைரம் தெரியும். வெள்ளை தங்கினால் திட்டு விழும். வைரத்தில் ஒரு சீவல் போனால் அதைவிடப் பெரிய திட்டு விழும். கோபால்சாமியின் கை மட்டும் வைரம் வருகிற இடத்தில் தானாக நின்றுவிடும். மேஸ்திரி மாதையன் புதிதாக வருகிறவர்களை அழைத்து வந்து அந்தக் கையை வேடிக்கை காட்டுவார்.

வேலை முடிந்து வெளியே போகும்போது எல்லாரும் துண்டை உதறிக் காட்டவேண்டும். தலைமயிரில் ஒட்டிய தூளைக்கூடத் தட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டலாம். சட்டையில் ஏறிய வாசனையை மட்டும் யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை. அதனால் மலையில் எந்த வீட்டில் கல்யாணம் வந்தாலும் கூறைப்புடவை வைத்த பெட்டியில் கோபால்சாமியின் அழுக்குச் சட்டை ஒன்று ஒரு வாரம் குடியிருக்கும். துவைக்காத சட்டையை இரவல் கேட்டு ஆள் வந்த வீடு அந்த மலையிலேயே அது ஒன்றுதான். சந்தனக் கவுண்டர் என்றுதான் அவருக்குப் பேர். அந்தப் பேர் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்று வயதில் அந்த ஆள் கெட்டார் என்று ஊர் சொன்னது. கெடுத்தது ஓர் உடைந்த கிரீடம்.

ஆடித் திருவிழாவுக்கு அடிவாரத்திலிருந்து கூத்து ஜமா வந்திருந்தது. அதன் வாத்தியார் ராஜாக்கண்ணு, துரியோதனன் வேஷக்காரர். கூத்து முடிந்த காலையில் சாமான் பெட்டியை இறக்கும்போது யாரோ கைநழுவவிட, கிரீடம் பாறையில் விழுந்து அதன் இதழ் ஒன்று இரண்டாகப் பிளந்தது. ராஜாக்கண்ணு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கட்டை செதுக்குகிறவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கோபால்சாமியைக் கூப்பிட்டார்கள்.

அவர் வேலியிலிருந்து கல்யாண முருங்கைக் கிளை ஒன்றை வெட்டி, உடைந்த இதழுக்குப் பதில் ஓர் இதழ் செதுக்கி ஒட்டினார். ஒரு பகல் வேலை. ஆனால் அந்த இதழில் ஒரு கிளியைப் போட்டுவிட்டார். யாரும் கிளி கேட்கவில்லை. கை தானாகப் போட்டது. நிற்க மட்டுமே பழகிய கை முதல்தடவையாக ஓர் இடத்துக்குப் போயிருந்தது.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் பஸ் அவர் இல்லாமல் இறங்கிப் போயிற்று.

"இன்னா மாமா, ஒடம்பு சரியில்லியா?" என்றாள் அம்சவல்லி.

"ஒடம்பு நல்லாத்தான் கீது. கிரீடம் செய்யலாம்னு பாக்குறேன்."

அவள் அடுப்பை ஒரு தரம் ஊதினாள். "செய்யி. ஆனா மேஸ்திரிகிட்ட சொல்லாம கொள்ளாம நின்னுடாத" என்றாள்.

மாதையன் பெரிய மனது பண்ணினார். பொங்கல் வரைக்கும் அவருடைய இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்கப்புறம் வேறு ஆள் போட்டுவிடுவதாகவும் சொன்னார். ராஜாக்கண்ணுவும் ஒரு வாக்குக் கொடுத்தார்: கிரீடம் நன்றாக அமைந்தால் ஜமாவுக்கு வேண்டிய கட்டைச் சாமான் எல்லாம், மார்புப் பதக்கம், தோள்கட்டை உட்பட, இனிமேல் கோபால்சாமிதான் செய்யவேண்டும். ஆக, பொங்கலுக்குள் ஒரு கிரீடம் அமைந்தால் மலை, அமையாவிட்டால் திங்கட்கிழமை பஸ். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது, அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை.

முதல் கிரீடம் புரட்டாசியில் முடிந்தது. இரண்டு கிளி, நடுவில் தாமரை, கண்ணாடிச் சில்லு, ஜிகினாத்தாள் என்று பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். துணியில் சுற்றி அடிவாரத்துக்குச் சுமந்துகொண்டு போனார். ராஜாக்கண்ணு கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் அவர் நின்றுவிட்டார், கிரீடம் நிற்கவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் உட்கார்ந்தார்.

"கவுண்டரே, வேலப்பாடு கண்ல ஒத்திக்கலாம். ஆனா துரியோதனன பீமன் கொல்றதுக்கு முன்னால நீங்க கொன்னுடுவீங்க போல கீதே!"

ஜமா முழுக்கச் சிரித்தது. கோபால்சாமியும் சிரித்தார். மலையேறும்போது வழியெல்லாம் அழுதார்.

இரண்டாவது கிரீடம் ஐப்பசியில். முதலாவதைவிடக் கொஞ்சம் லேசு, அந்தக் கொஞ்சம் போதவில்லை. மரம் என்னவோ லேசான மரம்தான். கல்யாண முருங்கையைப் போல ஒன்றுமில்லாத மரம் உலகத்தில் கிடையாது. கையில்தான் கோளாறு. உள்ளே குடைய வேண்டிய இடத்தில் நாலு சீவல் போனதும் கை நின்றுவிடும். இருபத்தோரு வருஷமாகப் போகக்கூடாது என்று பழகிய கை அது. வராத வைரத்துக்குப் பயந்து நின்றுகொண்டிருந்தது.

இதற்குள் அவர்மேல் இருந்த வாசனை போய்விட்டது. கார்த்திகையில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து சட்டை கேட்டு வந்த பெண்பிள்ளை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் உண்மையாகவே பயந்தார். சந்தனமும் போய், கிரீடமும் அமையாமல், தான் யார் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லையே என்று இருந்தது. கிடங்கின் அந்தப் பழைய மதிய வேளைகள், பக்கத்தில் உட்கார்ந்து செதுக்கியவர்களின் கேலி, வாச்சிச் சத்தம் எல்லாம் நினைவில் வந்து இழுத்தன. பெட்டியின் அடியில் அம்சவல்லி ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு பழைய சட்டையில் மட்டும் கொஞ்சம் வாசனை மிச்சமிருந்தது.

மார்கழியில் அவர் மூன்றாவதைத் தொடங்கினார். பாதியில் கையைக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாமை குத்திக்கொண்டிருந்த அம்சவல்லி உலக்கையைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இப்டி குடு" என்று வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

கூத்துச் சாமானைப் பெண்கள் தலையில் வைப்பதா என்று அவர் பதறினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தோரு வருஷமாகத் தண்ணீரும் விறகும் புளிக்கூடையும் சுமந்த தலை அது, பாரத்தைப் பற்றி அதற்குத் தெரிந்தது எந்த வாத்தியாருக்கும் தெரியாது. கிரீடத்தோடு போய்ச் சாமை குத்தினாள். கோழிக்குத் தீனி போட்டாள். ஆட்டை இழுத்துக் கட்டினாள். துரியோதனன் கோழி விரட்டுவதைப் பார்க்க எதிர்வீட்டு மங்கம்மாள் பிள்ளைகுட்டியோடு ஓடிவந்து வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நெத்திக்கு மேல அழுத்துது, அங்க எடு மாமா."

எடுத்தார்.

"பின்னால இழுக்குது. இன்னும் எடு."

"போதும்டி. இதுக்கு மேல போனா..."

"போனா இன்னா? உள்ள இன்னா சந்தனமா கீது? வேலியில மொளச்ச மரம். ஒடஞ்சா வேற கெள வெட்டிக்க. எடு!"

அவர் அவளையே பார்த்தார். இருபத்தோரு வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உளியை இறக்கினார். கை நின்றது. மறுபடி தள்ளினார். ஏதோ ஒன்றைத் தாண்டியதுபோல் கை உள்ளே போயிற்று, அப்புறம் நிற்கவேயில்லை. சாயங்காலத்துக்குள் அவரைச் சுற்றிச் சீவல் முழங்காலளவு குவிந்துவிட்டது. கிரீடத்தைத் தூக்கிப் பார்த்தால் முறத்தைவிட லேசாக இருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் பாதி பயம்.

உட்பக்கம் தலையை உறுத்தாமல் இருக்கத் துணி வைத்துத் தைக்கவேண்டும். அம்சவல்லி பெட்டியைத் திறந்து அந்தக் கடைசிச் சட்டையை எடுத்து வந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் கிழித்துவிட்டாள்.

காணும் பொங்கலன்று மத்தியானம் ராஜாக்கண்ணு ஜமாவோடு மலையேறி வந்தார். மறுநாள் திங்கட்கிழமை. கிரீடத்தை வாங்கியதும் முகர்ந்து பார்த்து, "இன்னாய்யா இது, கோயில் வாசன அடிக்குது?" என்றார். கட்டிக்கொண்டு சுற்றினார். ஒன்று, இரண்டு, பத்து. கிரீடம் அசையவில்லை. அப்படியே மிருதங்கக்காரரிடம் எதற்கோ சண்டை பிடிக்கத் தொடங்கினார். தாளம் தப்பு என்றார், வெல்லம் போட்ட காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார், மங்கம்மாள் வீட்டுப் பிள்ளைகளை விரட்டினார். கோபால்சாமி ஓரமாக நின்று வாத்தியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை நல்லதென்றோ கெட்டதென்றோ வரவில்லை. காலை பஸ்ஸுக்குத் துணி எடுத்து வைக்கலாமா என்று நினைத்துவிட்டார்.

ராஜாக்கண்ணு தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். விரல் கிளியில் இடித்தது.

"அட!" என்றார். "இது இன்னும் தலமேலதான் கீதா? கயட்டி வச்சிட்டேன்னு நெனச்சேன் கவுண்டரே!"

கோபால்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுததை ஜமா முழுக்கப் பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை பஸ் டிரைவரிடம் மாதையனுக்கு ஒரு சேதி மட்டும் இறங்கிப் போயிற்று. கோபால்சாமி புளியமரத்தடியில் உட்கார்ந்து வாத்தியாரின் தோள்கட்டைக்கு மரம் பார்த்தார். சாயங்காலம் எழுந்தபோது, பழக்கதோஷத்தில், வீட்டு வாசலில் நின்று துண்டை எடுத்து உதறப் போனார்.

அம்சவல்லி அவர் கையைப் பிடித்தாள். தலைமயிரில் ஒட்டியிருந்த ஒரு சீவலை எடுத்து முகர்ந்தாள்.

"ஒரு வாசனையும் இல்லியே மாமா."

"இல்லதான்" என்றார் அவர். "ஆனா நம்புளுது. உள்ள எடுத்துட்டுப் போ."