அப்பாவின் கோட்டில் செம்மண்

லேப்டாப் பழசு, சரியாகத் தூங்கவில்லை, கல்யாண டென்ஷன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். அந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். இதில் ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டியதில்லை.

மறுநாள் என் தங்கை பிரிஸ்கில்லாவுக்குக் கல்யாணம். ஏற்காட்டில், சர்ச் ஹாலில் வரவேற்பு. அங்கே திரையில் போட நானே ஒரு வீடியோ செய்துகொண்டிருந்தேன். அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீடியோவிலாவது அவர் தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தங்கைக்கு ஆசை.

"அந்தக் கோட்டுலதான் அப்பா என் பக்கத்துல நிக்கோணும் அண்ணா. இல்லாட்டி வீடியோவே வேண்டாம்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவள் கல்யாணத்துக்கென்றே அப்பா தைத்து வைத்த கோட்டு. போட்டுப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடக்கத்தன்று நாங்கள்தான் போட்டுவிட்டோம். அந்தக் கோட்டோடு அவர் இருப்பது ஒரே ஒரு படத்தில்தான். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று எடுப்போமே, அந்தப் படம்.

வேறு வழி? பெட்டியையும் சுற்றி நிற்பவர்களையும் அழித்து, அப்பாவை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். மூடிய கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். மதியம்தான். ஜன்னலில் பனி அப்பியிருந்தது.

பின்னணியைத் தானாக அழிக்கும் பட்டனை அமுக்கினேன். அப்பாவையும் சேர்த்து அழித்துவிட்டு, பெட்டியை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தது. மறுபடி அமுக்கினால் கோட்டின் கையைத் தின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப்பைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையாலேயே அழித்தேன். பெட்டியின் மரம் போனது. உள்ளே விரித்த வெள்ளைத் துணி போனது. படுத்திருந்த அப்பாவைத் திருப்பி நேராக நிறுத்தினேன்.

பெரிதாக்கிப் பார்த்தால், அவர் காலில் ஏதோ சிவப்பாக...

செம்மண்.

அழித்தேன். முழங்காலுக்கு ஏறியது. அழித்தேன். இடுப்புக்கு வந்தது. "சனியன் பிடிச்ச சாஃப்ட்வேர்!" என்று கத்தினேன்.

பொத்.

மண் சரிந்து விழுகிற சத்தம். ஸ்பீக்கரிலா?

ஸ்பீக்கரை அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

பொத்... பொத்...

செய்ததையெல்லாம் ரத்து செய்யப் பார்த்தேன். நடக்கவில்லை. பழைய படத்தைத் திறந்தேன். நான் கையே வைக்காத படம். அதிலும் பெட்டி இல்லை. எங்கள் நடுவில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

கழுத்து வரை செம்மண்.

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

"சிஸ்டம் போயிருச்சு கண்ணு" என்று தங்கையிடம் சொன்னேன். அப்பா இல்லாமலே கல்யாணம் நடந்தது. தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், பொண்ணும் மாப்பிள்ளையும் அப்பா கல்லறையில் பூ வைக்கப் போனார்கள். நானும் போனேன். கல்லறை மண் உள்வாங்கியிருந்தது. கல்லறைத் தோட்டம் பார்க்கும் தங்கராஜ் அண்ணன், ஏன் இப்படி என்று பார்க்க இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிருங்க தம்பி" என்றார்.

"என்னங்கண்ணா?"

"பெட்டி வெச்சுத்தானுங்க பொதச்சோம்? பெட்டியவே காணோமுங்க..."

"அப்பா?"

"நிக்கறாருங்க."