கண்ணாடியில் வைத்த பொட்டு

பிள்ளைகளா, உங்கள் அம்மா ஸ்டேட்டஸில் வைத்த படத்தைப் பார்த்துவிட்டுச் சின்னவள் கேட்டாள்: "எல்லாரும் காரைச் சுத்தி சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க மட்டும் ஏம்பா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறீங்க?" பெரியவன் அவளைவிட மோசம். "அந்த சைனா கார நீங்கதானப்பா ஓட்டப் போறீங்க? உள்ள உக்காந்து வீடியோ கால் போடுங்க" என்றான். இரண்டு பேருக்கும் போனில் மழுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு ஏசி கம்பெனி. இன்ஜினியர்களை சைட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற டிரைவர் நான். ஒரு நாள் அல் ஐன், ஒரு நாள் அதைவிடத் தூரமான ருவைஸ். என்னைத் தவிர இன்னொரு டிரைவரும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தம்பி. எனக்குப் பின்னால் சேர்ந்தவன், என் ரூமில்தான் இருக்கிறான், எதிர்க் கட்டில்.

டிரைவர் வேலை என்றால் ஓட்டுவது என்று நினைப்பீர்கள். பாதி வேலை காத்திருப்பதுதான். வண்டியை நிறுத்தினால் இஞ்சினை அணைக்க வேண்டும், சும்மா ஓடவிட்டுப் பெட்ரோல் எரிக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அந்த வெயிலில் ஏசி இல்லாத காருக்குள் மனுஷன் இருக்க முடியாது. தண்ணீர் டேங்கர் நிழல், சுவர் நிழல் என்று எதையாவது தேடி நின்றுகொண்டிருப்பேன். நிழல் நகர நகர நானும் நகர்வேன்.

முன்பெல்லாம் சைனா சாமான் என்றால் இங்கே ஒரு கேலி. மூன்று மாதம் தாங்காத டார்ச் லைட்டைத்தான் அப்படிச் சொல்வோம். பிறகு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. துபாய் ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக சைனாக்காரன் எலெக்ட்ரிக் கார் ஷோரூம் திறந்தான். டிரெய்லர் லாரிகளில் புதுக் கார்கள் துறைமுகத்திலிருந்து வரிசையாகப் போகும். அரபிக்காரர் ஓட்டினார், டாக்சி ஓடியது, பார்சல் வேன் ஓடியது. எங்கள் பக்கத்து கராஜ் பாகிஸ்தான் பாய் தாடியைத் தடவிக்கொண்டு சொல்வார்: "ஆயில் மாஃபி, பில்டர் மாஃபி. பிர் ஹம் கியா கரேகா பாய்?" ஆயிலும் வேண்டாம், பில்டரும் வேண்டாம் என்றால் நாங்கள் என்ன செய்வது என்பது அவர் கவலை.

நான் மட்டும் விடாமல் கேலி பேசினேன். "பேட்டரி போட்டு ஓட்டுற பொம்மை" என்று பார்க்கிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்வேன். மேனேஜர் காதில் விழுந்திருக்கிறது. கம்பெனி வெள்ளை நிறத்தில் ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கியபோது, சீனியர் எனக்குத்தான் என்று ரூமில் எல்லோரும் சொன்னார்கள். பெரியவனிடம் நானும் சொல்லிவிட்டேன். மேனேஜர் சாவியைத் தம்பி கையில் கொடுத்தார்.

"சார், நான்தானே சீனியர்?" என்றேன்.

அவர் மலையாளி. சிரித்தார். "நீயல்லே பொம்மைன்னு பறஞ்சது? பின்னே எந்தினாடோ உனக்கு பொம்மை?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "கோவியாதேங்கோ அண்ணை. அவர்தானே தந்தவர்" என்றான்.

புது வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டும் அல்லவா? ரூமில் சந்தனமும் குங்குமமும் என் பெட்டியில்தான் இருக்கிறது. மூத்தவர் கையால் வைக்க வேண்டும் என்று தம்பியும் கேட்டான். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். முன் கண்ணாடியில் மேலே, சரியாக நடுவில், நம் வீட்டு வண்டிக்கு வைப்பதுபோல, சந்தனத்தைக் குழைத்துத் தடிமனாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். இது எனக்கு வரவேண்டிய வண்டி என்று நினைத்துக்கொண்டேதான் வைத்தேன். நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்ததுதான்.

அதன்பிறகு என் வயிறு எரிந்ததைச் சொல்லி மாளாது. தூரம் அதிகம், புதுக் காருக்கு சார்ஜ் பத்தாது என்று ருவைஸ் முழுக்க என் தலையில் விழுந்தது. கிட்டத்து சைட்டெல்லாம் அவனுக்கு. ஒரு மத்தியானம் இரண்டு பேருக்கும் ஒரே சைட். நான் டேங்கர் நிழலில் நிற்கிறேன். அவன் வண்டிக்குள் ஏசி போட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்திருக்கிறான். புகை இல்லை, சத்தம் இல்லை, சட்டமும் இல்லை. கண்ணாடியை இறக்கி, "வாங்கோ அண்ணை, உள்ளுக்க இருங்கோ. நல்ல குளிர்" என்றான்.

"இருக்கட்டும் தம்பி. எனக்குக் குளிர் ஒத்துக்காது" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆனால் அந்தக் கார் அல் ஐன் ரோட்டில் கத்த ஆரம்பித்தது. டிங் டிங் என்று எச்சரிக்கை. முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கிற வசதி வேலை செய்யவில்லை. இன்ஜினியர் பயந்துபோய் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டு, "நீ எங்கோ இடிச்சிருக்கே" என்று சத்தம் போட்டார். அவன் தலை குனிந்து நின்றான். "கலாஸ், போதும். நாளை முதல் சீனியர் எடுக்கட்டே" என்று சாவி என் கைக்கு வந்தது.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து ஏசியைப் போட்டேன். உங்களுக்கு வீடியோ கால் போடப் போனை எடுத்தேன். அதற்குள் டிங் டிங். திரையில் இங்கிலீஷில் வந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முன்பக்க கேமராவை ஏதோ மறைக்கிறதாம். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு உட்புறம், நட்டநடுவில் கேமரா. அதற்கு நேர் வெளியே, காய்ந்து இறுகி, என் பொட்டு.

சத்தியமாகச் சொல்கிறேன், சத்தமில்லாமல் துடைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. துடைத்தால் வண்டி நல்ல வண்டி, அவன் கெட்ட டிரைவர். சாவி என்னிடமே இருக்கும். போனைப் பைக்குள் வைத்துவிட்டு ரூமுக்குப் போனேன். அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் பொட்டுதான் கேமராவ மறைக்குது. உனக்குத் தெரியுமா?"

"ஓமண்ணை. கத்தின முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சா தொடச்சிருக்கலாம்ல? சார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சாமிக்கெண்டு நீங்கள் வச்சது. அதை நானெப்பிடி அழிக்கிறது? சொன்னால் உங்களுக்கெல்லே பேச்சு விழும்." அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சட்டையை மடித்துக்கொண்டே இருந்தான்.

கார் போனபோது வந்த பொறாமை ஒன்றுமே இல்லை, பிள்ளைகளா. அந்த நிமிஷம் வந்ததுதான் பொறாமை. வண்டியும் அவனுக்கு, குளிரும் அவனுக்கு, நல்ல மனசும் அவனுக்கேவா?

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கம்பெனி முழுக்க எனக்கு 'பொட்டு டிரைவர்' என்று பேர் வந்தது. சாவி தம்பிக்கே திரும்பிப் போனது. பெரியவனே, அதனால்தான் வீடியோ கால் வரவில்லை. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நாளைக்கும் எனக்கு ருவைஸ்தான்.

சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டை நனைத்துக் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சார்ஜர் மாட்டுகிற இடத்து மூடியைத் திறந்தேன். அங்கே கேமரா ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து நன்றாகப் பார்த்தேன். இல்லை. மூடியின் உள்பக்கம், வெளியே தெரியாதபடி, கடுகளவுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, மூடியை அழுத்திச் சாத்தினேன்.