ஓர்வில் குலுக்கிப் பார்த்த பித்தளைக் கூடுகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அந்தச் சின்ன ஊரில், சுட்டுத் தீர்ந்த ரிவால்வர் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து அடைக்குமுன் எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்து விரிசல் தேடுவார்கள். ஓர்வில் மட்டும் ஒரு கை அள்ளிக் குலுக்குவார். நல்ல பித்தளை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது டொக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். "காது இருக்கறவனுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று மற்றவர்களைக் கேலி செய்வார். துப்பாக்கி கிளப்பில் பாதிப்பேர் தங்கள் கூடுகளைக் காப்பி டப்பாவில் போட்டு, மருந்தடைக்க அவரிடமே கொடுத்துவந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில், அவர் அடைத்துக் கொடுத்த தோட்டா ஒன்றின் கூடு, சுட்டபின் உறுப்பினர் வெர்னாவின் ரிவால்வரில் சிக்கிக்கொண்டது. குச்சியால் தட்டி எடுத்தாள். கூடு வாயிலிருந்து பாதிவரை பிளந்திருந்தது.

"துப்பாக்கியத் தொடச்சு வெச்சிருந்தா இப்படி ஆகுமா?" என்று எல்லோர் முன்னிலும் ஓர்வில் அவளைக் கடிந்துகொண்டார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் வெர்னா. பிளந்த கூட்டை நல்ல கூடுகளோடு சேர்த்து அவர் முதுகுக்குப் பின்னால் குலுக்கினாள். "இதுல விரிசல் விட்டது இருக்கா?"

ஓர்வில் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணுகூடப் பழுதில்ல."

திரும்பினார். அவள் உள்ளங்கையில் பிளந்த கூடு மேலாகவே கிடந்தது. யாராவது சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர்விலின் காது மடல்கள் சுட்டன.

"இந்தத் தடவை நானே பாத்துக்கறேன், ஓர்வில். நீ ஓய்வெடு" என்று சொல்லிவிட்டு நண்பன் லாய்ட், காலையில் கொடுத்த டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தான். அவன் கையில் டப்பா குலுங்குவது ஓர்விலின் கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம்தான் கேட்கவில்லை.