மாப்பிள்ளை எரித்த கலோரி

கல்யாணமே ஆகாத ஆளுக்கு மாப்பிள்ளை என்று பேர். பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் பிரிவில், இஸ்திரி மேசைக்குப் பின்னால் பல வருடங்களாக நிற்கிறார். விருந்தாளிகளின் சட்டை, பரிமாறுபவர்களின் கால்சட்டை, மேலாளரின் கோட்டு எல்லாம் அவர் கைக்கு வந்துதான் போகும். வேலைக்கு வரும்போதும் வீட்டுக்குத் திரும்பும்போதும் அவர் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அதைப் பார்த்து துணி மடிக்கும் அம்மா வைத்த பேர் அது. அவரைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட இப்போது அக்கா மட்டும்தான் மிச்சம்.

வயது நாற்பத்திரண்டு. வட்ட முகம். சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் எந்த நேரமும் தெறித்துவிடலாம் என்கிற நிலையில் இருக்கும். சாப்பாட்டு விஷயத்தில் அவர் யார் பேச்சையும் கேட்டதில்லை. வெண்ணெய் தடவிய பன்னைக் கண்டால் விடமாட்டார். ஒன்று சாப்பிட உட்கார்ந்தால் மூன்று முடித்துத்தான் எழுந்திருப்பார். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாமல்தான் இருந்தது, அக்காவுக்குக் கல்லீரல் கெடும்வரை.

அக்கா குடித்துக் கெடுத்துக்கொள்ளவில்லை. எப்போதோ வந்த தொற்று ஒன்று உள்ளேயே தங்கி, சத்தமில்லாமல் அரித்துவிட்டது. யாராவது தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் அக்கா பிழைப்பார், கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும் என்றார்கள். அக்காவின் கணவருக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. தம்பிக்கு ஒத்துவந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது தம்பியின் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. எட்டு கிலோ குறைத்துவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு மாதம் கெடு. அதற்கு மேல் அக்கா தாங்குவாரா என்பதற்கு டாக்டர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் ஒரு சின்னப் பெண். எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "எரிக்கிறதைவிடக் குறைவா சாப்பிடணும் சார், அவ்வளவுதான்" என்றாள். மாப்பிள்ளை தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அந்த வாக்கியத்தை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொண்டார்.

எரிப்பதை அளக்க வழி வேண்டுமே. அக்காவின் கணவர் ஒரு கைக்கடிகாரத்தை வாங்கிவந்து, "நீ ஒரு நாளைக்கு எவ்வளவு எரிக்கிறேன்னு இது சொல்லிடும் மச்சான். இனி சாக்குச் சொல்ல முடியாது" என்று கையில் கட்டிவிட்டார். பேச்சு விளையாட்டாக வந்தாலும் பார்வை விளையாட்டாக இல்லை.

முதல் நாள் மாலை கடிகாரம் மூவாயிரத்து நானூறு கலோரி என்றது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. தனக்குள் இப்படி ஒரு பாய்லர் ஓடிக்கொண்டிருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! இரண்டாயிரத்து ஐந்நூறு சாப்பிட்டால்கூட மிச்சமெல்லாம் உடம்பிலிருந்து கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஒரு பன் கூடுதலாக உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று.

"மாப்பிள்ளை உண்ணாவிரதம் இருக்கறாருன்னு சொன்னாங்க, அது இதுதானா?" என்றார் துணி மடிக்கும் அம்மா.

"அம்மா, நான் எவ்வளவு எரிச்சிருக்கேன்னு பாருங்க" என்று கையை நீட்டினார் மாப்பிள்ளை.

"அது சரி. போன வாரம் மேனேஜர் கோட்டை எரிச்சு ஓட்டை போட்டீங்களே, அதையும் இதுல சேர்த்துட்டாங்களா?"

விடுமுறை நாளில் மாப்பிள்ளை மனசாட்சிப்படி நடந்தார். பேருந்தில் போகவேண்டிய அக்கா வீட்டுக்குக் கால்நடையாகவே போய், கால்நடையாகவே திரும்பினார். கால் விண்விண் என்று தெறித்தது. மாலையில் பார்த்தால், இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்ற நாளைவிட அன்றைக்குக் குறைவாகக் காட்டியது. நின்ற இடத்திலேயே நின்ற நாளில் அதிகம், ஊரைச் சுற்றிய நாளில் குறைவு. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ இடித்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். 'நம்ம வேலை அவ்வளவு கஷ்டமான வேலை போல' என்று பெருமைப்பட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

மாதம் முடிந்து எடை மேடையில் ஏறினார். ஒரு கிலோ கூடியிருந்தது.

டயட்டீஷியன் கோபப்படவில்லை. என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். அவர் பதிலுக்குப் போனைத் திறந்து, நாள்வாரியாக எரித்ததைக் காட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை சார் பண்றீங்க?" என்றாள். சொன்னார். "எந்தக் கையில இஸ்திரி பிடிப்பீங்க?" கடிகாரம் கட்டியிருந்த கையைத் தூக்கினார்.

"இப்படியே உட்கார்ந்து, இஸ்திரி போடற மாதிரி கையை ஆட்டுங்க."

அவளுடைய மேசை மேல், இல்லாத சட்டைக்கு மாப்பிள்ளை இஸ்திரி போட்டார். பழக்க தோஷம், காலரையும் விடவில்லை. கடிகாரத்தில் நடந்த அடிகள் ஏறிக்கொண்டே போயின.

"பார்த்தீங்களா, நாற்காலியிலயே நடக்கறீங்க" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாடித் துடிப்பை இது ஓரளவு ஒழுங்கா எண்ணும் சார். வெளியில நடந்தா நடையையும் எண்ணும். கலோரியை மட்டும் எண்ண முடியாது. வயசு, உயரம், எடை, துடிப்பு, கை அசைவு இதையெல்லாம் வச்சு ஒரு ஊகம். நீங்க நாள் முழுக்க இஸ்திரி ஆவியில நிக்கறீங்க, சூட்டுக்கே துடிப்பு ஏறும். அதை இது உழைப்புன்னு எடுத்துக்குது. போதாததுக்கு, இந்த எண்ணுல பாதிக்கு மேல நீங்க சும்மா படுத்துக் கிடந்தாலே எரியறது."

"அப்ப இது பொய் சொல்லுதா?"

"பொய்னு சொல்ல முடியாது. நல்ல கடிகாரமே கால்வாசி முன்னபின்ன காட்டும். உங்க வேலைக்கு இன்னும் மோசம். இன்னிக்கு நேத்தைவிட அதிகமா அசைஞ்சோமான்னு பார்த்துக்கலாம். இதை நம்பிச் சாப்பிடக் கூடாது."

விஷயம் அவருக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கூடத்தில் கால் வைத்ததும் அக்காவின் கணவர் ஆரம்பித்தார். "குறைச்சுட்டு வாடான்னா ஏத்திக்கிட்டு வந்து நிக்கறே. கொடுக்க மனசில்லைன்னா வாயைத் திறந்து சொல்லிடு. நாங்க வேற வழி பார்க்கறோம்." வேறு வழி எதுவும் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது, வயிறு நீர் கோத்து வீங்கியிருந்தது. குரலில் மட்டும் பழைய அதிகாரம் குறையவில்லை. "கடிகாரம் தப்பாக் காட்டினா அவன் என்ன பண்ணுவான்? வாங்கிக் கொடுத்தது நீங்கதானே? நல்லதா பார்த்து வாங்கியிருக்கணும்." கணவர் சமையலறைக்குப் போனார். "நீ உட்காருடா. அவர் பயத்துல பேசறார். எனக்குத் தெரியாதா உன்னை?"

மாப்பிள்ளை உட்கார்ந்தார். அந்த நேரத்தில் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஏனென்றால் அக்காவின் கணவர் சொன்னதில் பாதி உண்மை. வயிற்றில் எங்கிருந்து எங்கே வரை கிழிப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் படம் போட்டுக் காட்டிய நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. வேண்டுமென்று தின்று கெடுத்தார் என்று சொன்னால் அது அநியாயம். அவ்வளவு கெட்டவர் இல்லை. ஆனால் அந்த விடுமுறை நாளில் கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்று அவருக்குப் பட்டது நிஜம். கேட்காமல் விட்டதும் நிஜம். எடை குறையாமல் போனால் யாரும் தன்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று உள்ளே ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அதுவும் நிஜம்தான். இதில் எதையும் அவர் அக்காவிடம் சொல்லவில்லை. கொடுத்த தேநீரை, வழக்கத்துக்கு மாறாகச் சர்க்கரை இல்லாமல், குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு வாயைக் கட்டினார். நாலாக மடித்த தாளைப் பிரித்து, அதில் இருந்ததை மட்டும் சாப்பிட்டார். கடிகாரம் மேசை இழுப்பறைக்குள் போனது. முதல் வாரம் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். பன் வாங்கும் கடையைத் தவிர்க்கத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். "மாப்பிள்ளைக்கு நிஜமாவே எங்கேயோ நிச்சயம் ஆயிடுச்சு" என்றார் துணி மடிக்கும் அம்மா. கெடு முடிந்தபோது எட்டு இல்லை, ஐந்துதான் குறைந்திருந்தது. டாக்டர்கள் அக்காவையும் பார்த்தார்கள், இவரையும் பார்த்தார்கள், மூன்று வாரம் நீட்டினார்கள். புது ஸ்கேனில் கொழுப்பு இறங்கியிருந்தது. போதும் என்றார்கள்.

கடைசியாக ஒரு பெண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. கொடுப்பவர்களிடம் பேசுவதற்கென்றே இருப்பவர், அக்காவின் வைத்தியத்தோடு சம்பந்தமில்லாதவர். அக்காவின் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் அந்த அம்மாள்.

"நாம பேசறது இந்த அறையை விட்டு வெளியே போகாது. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ ரீதியா நீங்க பொருந்தலைன்னு மட்டும் வீட்டுக்குச் சொல்லுவோம். எடை சரியா வரலைன்னு அவங்களே நினைச்சுப்பாங்க. யாரும் உங்களைத் தப்பா நினைக்க வழியே இல்லை. கொடுக்க வர்ற எல்லாருக்கும் இதைச் சொல்றோம்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதம் அவர் எதற்கு ஏங்கினாரோ அது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சட்டப்படி, மரியாதையாக நீட்டப்பட்டது.

"எங்க அக்காகிட்டயும் இதையேதான் சொல்வீங்களா?"

"இதையேதான்."

"அக்கா நம்பிடுவாங்க."

"நம்புவாங்க. உங்களுக்கு அது நல்லதுதானே?"

"ஒரு தடவை நம்பிட்டாங்க மேடம். அன்னிக்கு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு என்னால அவங்க முகத்தைப் பார்க்க முடியல." கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயமா இருக்கு. அதை வேணா எழுதிக்கங்க. ரொம்பப் பயமா இருக்கு. தேதியைச் சொல்லுங்க."